குழந்தையின் கதையும் கற்றோர் நூலும்: சேலம் – நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள சிற்றூர் ஒன்றின் ஆலயத்தில், ஆராதனைக்கு ஆயத்தமாகும் சிற்றறையில், பழைய மர அலமாரி ஒன்று இருக்கிறது. அவ்வூர்ப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறைவுக்கு முன் தம் நூல்கள் அனைத்தையும் சபைக்கு விட்டுச் சென்றார். அறையில் இடம் போதாமையால் சபைக்குழுவினர் கூடி ஒரு தீர்மானம் செய்தனர். அகராதிகளையும் இறையியல் நூல்களையும் வைத்துக்கொள்வது. சிறுவர் கதை நூல்களைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுவது. எவை எந்த வகையைச் சேர்ந்தவை எனப் பிரித்துத் தரும்படி ஆயர் நம்மைக் கேட்டுக்கொண்டார்.

நாம் ஒரு பகல் முழுதும் அந்நூல்களின் நடுவே அமர்ந்திருந்தோம். பெப்ரீசியுசின் தமிழ் – ஆங்கில அகராதியும், கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகமும்', மர்டாக் தொகுத்த அச்சு நூற்பட்டியலின் மறுபதிப்பும் ஒருபுறம் இருந்தன. 'பரமார்த்த குரு கதை', 'மோட்சப் பிரயாணம்', இராஜாஜியின் 'திண்ணை ரசாயனம்', நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்', குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகள் ஆகியவை மற்றொருபுறம் இருந்தன. பிரிக்க முற்பட்டபோதுதான் பிரிக்க இயலாது என்பது தெளிவாயிற்று. இந்நூல்களின் வரலாறு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. பலவற்றைப் பொறுத்தவரை, கற்றோருக்கென எழுதிய கையே குழந்தைக்கெனவும் எழுதியிருக்கிறது.

இவ்விரு வகை நூல்களும் எவ்வாறு ஒன்றாகப் பிறந்தன, எவ்வாறு பிரிந்தன, அப்பிரிவினால் திருச்சபை இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சமவெளியும் அதன் முதல் நூலாரும்

மேற்கே காவிரியும், வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கொல்லிமலையும் சூழ்ந்த இச்சமவெளி கொங்கு நாட்டின் ஒரு பகுதியாகும். நெசவும் புன்செய் வேளாண்மையும் இதன் வாழ்வு. 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறிய நிலப்பகுதியுள் இதுவும் அடங்கும். நெடுங்காலம் சேலம் மாவட்டமாகவே விளங்கிய இப்பகுதியிலிருந்து 1997ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது.

கிறிஸ்தவ மறையைத் தமிழில் எழுத்துவடிவில் எடுத்துரைத்த அறிஞர் ஒருவர் இம்மண்ணில் கால் வைத்தது 1623ஆம் ஆண்டில் ஆகும். மதுரையிலிருந்து புறப்பட்ட தத்துவ போதகர், அதாவது இராபர்ட் தே நொபிலி, அவ்வாண்டில் சேந்தமங்கலம், மோரமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு வந்தார். தமிழ் உரைநடையில் மறைநூல் எழுதிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். ஆயினும் அவருடைய உரைநடை வடசொல் நிறைந்தது; கற்றாரோடு வாதிடுவதற்கென அமைந்தது. சமவெளியில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவனுக்கு அது எட்டியிராது.

அச்சிறுவனுக்கு எனப் பள்ளி திறக்கும் வேலையை லண்டன் மிஷனெரி சங்கத்தார் இருநூறு ஆண்டுகள் கழித்துத் தொடங்கினர். 1827ஆம் ஆண்டு ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் இப்பணியைத் தொடங்கினார். 1840களில் அங்குப் பணியேற்ற லெக்லர் தொழிற்பள்ளி ஒன்றை நடத்தினார்; எழுத்தும் கைத்தொழிலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அதற்கு முன்னும் இம்மண்ணில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் அங்கே மனனம் செய்யப்பட்டன. ஆனால் அத்திண்ணைகளில் ஏற அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளைகள் பலர். மிஷன் பள்ளியின் சிறப்பு, அது எதைக் கற்பித்தது என்பதைவிட, யாரை உள்ளே அனுமதித்தது என்பதில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாத வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு நூலைக் கையில் ஏந்திய பிள்ளை இங்கே தோன்றிற்று. அப்பிள்ளையின் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருந்தது என்ற கேள்வியும் அன்றே தோன்றிற்று.

2. மணலில் எழுதிய அறிஞர்

இக்கேள்விக்கு விடை தேட நாம் சமவெளியை விட்டுக் கடற்கரைக்குச் செல்லவேண்டும். ஏனெனில் தமிழ்ப் புராட்டஸ்டண்டு நூல் மரபின் வேர் அங்கேதான் உள்ளது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்ற முறையை நாம் அறிவோம். முதிய பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் மாணாக்கருடன் தம் இல்லத்திற்கே வரச்செய்து, அச்சிறுவரோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். ஐரோப்பாவில் உயர்கல்வி கற்று வந்த ஒருவர் ஏழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் ஒருவராக அமர்ந்தார்.

இதன் விளைவை 1708ஆம் ஆண்டு அவர் எழுதி முடித்த நூற்பட்டியலில் காணலாம். தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அவர் அதில் விவரித்தார். பேரிலக்கணங்களும் நீதி நூல்களும் புராணங்களும் அதில் உள்ளன. திண்ணைப் பள்ளிச் சிறுவர் மனனம் செய்யும் சிறு சுவடிகளும் அவற்றோடு சேர்ந்தே உள்ளன. பிள்ளைகளின் சுவடி என்பதற்காக அவர் எதையும் ஒதுக்கவில்லை. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மானிய மொழியில் பெயர்க்கவும் செய்தார். பிள்ளைகளோடு அமர்ந்து கற்றவர்க்கு, ஒரு மக்களின் அறிவு அவர்தம் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முதல் வரியில் தொடங்குகிறது என்பது தெரிந்திருந்தது.

ஆயினும் அவரை அனுப்பியவர்களுக்கு இப்பணி முழுவதும் உவப்பாக இருக்கவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து 1713ஆம் ஆண்டு அவர் எழுதி முடித்த ஆய்வு நூல் ஹாலே நகரத்தில் அச்சேறவில்லை. புறச்சமயத்தாரின் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது மிஷனெரியின் வேலையன்று என்ற எண்ணம் அங்கு நிலவியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அந்நூலை 1867ஆம் ஆண்டு ஜெர்மன் என்பவர் சென்னையில் பதிப்பித்தார்.

கத்தோலிக்க மறையினரான வீரமாமுனிவரிடமும் இவ்விரு பணிகளும் இணைந்திருப்பதைக் காண்கிறோம். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தேம்பாவணியும் அளித்த அப்பெரும் புலவரே பரமார்த்த குரு கதையையும் எழுதினார். மூடக் குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றிய அக்கதை, அயல்நாட்டார் பேச்சுத் தமிழ் பயில்வதற்கு ஒரு கருவியாகவும் அமைந்தது. 1822ஆம் ஆண்டு பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். அறிஞர்க்குப் பாடநூலாகப் பயன்பட்ட அதே கதை தமிழ்ச் சிறுவர்க்குச் சிரிப்புக் கதையாக நிலைத்துவிட்டது. அதனை அலமாரியின் எப்பகுதியில் வைப்பது என்று சபைக்குழுவினர் கேட்பின் நாம் என்ன விடை கூறுவோம்?

3. இரு அச்சங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல் வெளியீடு தனியொருவர் பணி என்ற நிலை மாறி, சங்கங்களின் பணியாயிற்று. 1840ஆம் ஆண்டு நாகர்கோவிலிலிருந்து 'பாலதீபிகை' என்ற சிறுவர் இதழ் வெளிவரத் தொடங்கியது. தமிழில் குழந்தைகளுக்கென வந்த இதழ்களின் வரலாறு இவ்வாறு மிஷன் அச்சகத்தில் தொடங்குகிறது. 1858ஆம் ஆண்டு இந்தியத் தாய்மொழிகளில் கிறிஸ்தவக் கல்வியைப் பரப்பும் சங்கம் நிறுவப்பட்டது. 1891ஆம் ஆண்டு முதல் அதுவே கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் பெற்றது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஸ்காத்லாந்தினராகிய ஜான் மர்டாக் (1819–1904).

மர்டாக் இரு செயல்களால் நினைவுகூரத் தக்கவர். அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, 1865ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்ட பட்டியல். அதுகாறும் அச்சேறியிருந்த தமிழ் நூல்களைத் தேடித் திரட்டி, புராட்டஸ்டண்டு, கத்தோலிக்க, இந்து, இசுலாமிய நூல்கள் என்றும், இலக்கணம், மருத்துவம், கணிதம், கதை என்றும் வகைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் தமிழக அரசின் ஆதரவில் மறுபதிப்புக் கண்ட அளவுக்கு அது தமிழ் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாயிற்று. சிறு கதைப் புத்தகமும் பேரிலக்கணமும் அதில் ஒரே மதிப்புடன் இடம்பெற்றன. ஏனெனில் மக்கள் எதை வாசிக்கிறார்கள் என்று அறியாமல் அவர்களுக்கென எழுத முடியாது என்பது அவர் துணிபு. மலிவான விலை, பெரிய எழுத்து, படங்கள், ஊர் ஊராகச் சென்று விற்கும் ஊழியர் ஆகியவற்றை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். 1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தை அடைந்தபோது, சென்னையில் அச்சான நூற்கட்டுகள் இச்சமவெளியை விரைவாக வந்தடைய வழி பிறந்தது.

இரண்டாவது, 1872ஆம் ஆண்டு அவர் எழுதிய கண்டனம். சென்னை மாகாண அரசுப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் வைக்கப்பட்டிருந்த பாடநூல்களில் சிலைவணக்கத்தையும் ஒழுக்கக்கேட்டையும் கற்பிக்கும் பகுதிகள் உள்ளன என்று அவர் அதில் சாடினார். பிள்ளைகளின் நலம் நாடியே அவர் எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கண்டனத்தின் விளைவாக, பாட்டி சொல்லும் கதைக்கும் ஞாயிறு பள்ளிப் பாடத்திற்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது. கிறிஸ்தவப் பிள்ளை தன் ஊரின் கதைகளைக் கேட்டு மகிழ்வது ஐயத்திற்குரியதாயிற்று. அவற்றுக்கு ஈடாக அளிக்கப்பட்ட நூல்களுள் பல, பனி பெய்யும் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை; அவர்கள் உண்டதும் உடுத்ததும் ஓமலூர்ச் சிறுவனுக்கு அந்நியமானவை.

ஹாலே நகரத்தார் அஞ்சியது அறிவுநூலைக் கண்டு. மர்டாக் அஞ்சியது கதையைக் கண்டு. ஒன்று, புறச்சமயக் கல்வி விசுவாசத்தைக் குலைத்துவிடும் என்ற அச்சம். மற்றொன்று, கதை என்பது பொய், பொய் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம். தமிழ்த் திருச்சபையின் நூல் வரலாறு இவ்விரு அச்சங்களுக்கு இடையே நடந்து வந்திருக்கிறது எனக் கூறுதல் மிகையாகாது.

4. பனியன் காட்டிய வழி

இவ்விரு அச்சங்களையும் ஒருங்கே வென்ற நூல் ஒன்று உண்டெனில், அது ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்'. 1678ஆம் ஆண்டு அந்நூலை வெளியிட்டபோது, சமய உண்மையைக் கற்பனைக் கதையாகச் சொல்வது தகுமா என்ற கேள்விக்கு விடையாக ஒரு நீண்ட செய்யுளையே முகப்பில் வைத்தார் பனியன். கல்லூரி வாசல் மிதியாத பாத்திரக் கம்மியர் அவர்.

தமிழில் அந்நூல் 1793ஆம் ஆண்டளவிலேயே வேப்பேரியில் அச்சேறியது. பின்னர் அருட்திரு சாமுவேல் பவுல் ஆக்கிய மொழிபெயர்ப்பு தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மிகுதியாக வாசிக்கப்பட்டது. மாலையில் விளக்கேற்றியபின் தாய் வாசிக்க, பிள்ளைகள் சுற்றியமர்ந்து கேட்கும் நூலாக அது விளங்கிற்று. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, தமிழ்ப் புலமையில் சிறந்து, 1858ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) அதே கதையை எடுத்துக் கம்பனின் மரபில் ஒரு காப்பியமாக்கினார். 1894ஆம் ஆண்டு வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஏறத்தாழ 3,800 விருத்தங்களைக் கொண்டது.

ஒரே கதை பாயில் அமர்ந்த பிள்ளைக்கும் உரியதாயிற்று, புலவர் அவைக்கும் உரியதாயிற்று. அலமாரியில் நாம் கண்ட இரு நூல்களும் உண்மையில் ஒரே நூலின் இரு உடல்கள். ஒன்றை எடைக்குப் போட்டு மற்றொன்றைக் காப்பது, வேரை எறிந்துவிட்டுக் கிளையைக் காப்பதற்கு ஒப்பாகும்.

5. சேலத்தின் நூலாரும் சேலத்தின் பிள்ளைகளும்

இனி மீண்டும் சமவெளிக்கு வருவோம். 1861ஆம் ஆண்டையொட்டி இப்பகுதிக்கு வந்து, சேலம் மிஷனில் நெடுங்காலம் பணியாற்றிய மாரிஸ் பிலிப்ஸ், வேதங்களின் போதனையைக் குறித்து ஓர் ஆய்வு நூல் எழுதினார். 1895ஆம் ஆண்டு அது இலண்டனில் வெளியாயிற்று. புறச்சமயக் கல்வியைக் கண்டு அஞ்சாமல் அதன் மூலநூல்களை நாடியது அவர் சிறப்பு. ஆனால் அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அவர் பணியாற்றிய மண்ணின் நிகழ்ச்சிகளோ வேறாக இருந்தன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடிய அழிவுக்குள்ளான மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. 1883ஆம் ஆண்டு லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதுவும் ஆங்கிலத்தில், அலுவலர்களுக்காக. தாய் தந்தையரைப் பஞ்சத்திற்குப் பறிகொடுத்த பிள்ளை தன் ஊருக்கு நேர்ந்ததைத் தன் மொழியில் வாசித்தறிய அந்நூல்கள் உதவவில்லை. கற்றோர் நூல் ஒரு திசையிலும் குழந்தையின் நூல் வேறொரு திசையிலும் சென்றுவிட்ட காலம் அது.

பிரிந்த இவ்விரண்டையும் இச்சமவெளியில் மீண்டும் இணைத்தவர்கள் திருச்சபைக்கு வெளியே இருந்து வந்தனர். இதனை நாம் நன்றியோடும் சற்று நாணத்தோடும் பதிவு செய்யவேண்டும்.

1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இராஜகோபாலாச்சாரியார், 1916ஆம் ஆண்டு தம் நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் சார்பில் இதழ் ஒன்றும் வெளிவந்தது. வேதியியலும் தாவரவியலும் தமிழில் சொல்லப்பட முடியுமா என்பது அன்று அறிஞர் நடுவே எழுந்த வழக்கு. ஆனால் அம்முயற்சி நடத்திய இதழே ஆங்கிலத்தில் இருந்ததைச் சுப்பிரமணிய பாரதியார் ஒரு குறையாகச் சுட்டிக் காட்டினார். அக்குறை நியாயமானதே. சொல்லை ஆக்குவோர் ஒருபுறமும் சொல்லுக்குரிய மக்கள் மறுபுறமும் நிற்பது, நாம் மேலே கண்ட நோயின் மற்றொரு வடிவமாகும்.

அக்குறை நீங்கிய இடம் திருச்செங்கோடு. 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் உற்பத்தியும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் பணிகள். 1929ஆம் ஆண்டு அங்கிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியப் பணியில் துணைநின்றவர் பின்னாளில் 'கல்கி' எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. மதுவின் தீமையைக் கதைகளாலும் பாட்டுகளாலும் படங்களாலும் எடுத்துச் சொன்ன அவ்விதழ், அரிச்சுவடி மட்டுமே கற்ற உழவனும் அவனுடைய பிள்ளையும் வாசிக்கத் தக்க எளிய நடையில் அமைந்தது. பத்து இதழ்களே வெளிவந்தன. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் இராஜாஜி சிறை சென்றதோடு அது நின்றது. எனினும் 1937ஆம் ஆண்டு அவர் மாகாணத்தின் முதலமைச்சரானபோது, அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். விமோசனத்தின் கதைகள் அதற்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தன எனலாம்.

கலைச்சொற் சங்கத்தை நடத்திய அதே மனிதர் திண்ணை ரசாயனத்தையும் குட்டிக் கதைகளையும் எழுதினார். பாரத, இராமாயணக் கதைகளைச் சிறுவரும் வாசிக்கும் எளிய உரைநடையில் தந்தார். அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. கலைச்சொல்லுக்காகப் போராடியதன் பயன் திண்ணையில் அமர்ந்து வேதியியல் பேசும் எளிமையாக முதிர்ந்தது.

இவரைப் புகழும்போது மற்றொன்றையும் மறைத்தலாகாது. 1953ஆம் ஆண்டு இவர் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளை அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் வீட்டுத் தொழிலிலும் இருத்த முற்பட்டது. பிறந்த சாதியின் தொழிலுக்கே பிள்ளையைக் கட்டிப்போடும் குலக்கல்வி அது என்ற கடும் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. குழந்தைக்கு எளிய நூல் எழுதுவது ஒன்று. அதை வாசிக்கும் முழு உரிமையை அக்குழந்தைக்குப் பெற்றுத் தருவது வேறொன்று. இவ்விரண்டாவதில் மிஷன் பள்ளிகள் ஆற்றிய பங்கு சிறியதன்று.

மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையும் இவ்வரிசையில் நிற்பவரே. திருக்குறளுக்கு உரை கண்ட அவர், 'மலைக்கள்ளன்' என்ற விறுவிறுப்பான கதையையும் எழுதினார். 1954ஆம் ஆண்டு திரைப்படமாக வந்து அது பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. குறளாய்ந்த புலவர் கள்ளன் கதை எழுதியதனால் அவர் புலமைக்கு இழுக்கு நேரவில்லை.

கிறிஸ்தவர் நடுவிலும் ஒரு சான்று இல்லாமற் போகவில்லை. நாமக்கல் சமவெளியின் மேலெழுந்து நிற்கும் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெசி பிராண்டுக்கும் ஈவ்லின் பிராண்டுக்கும் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பது வயதுவரை அம்மலையிலேயே வளர்ந்த அச்சிறுவன் மரத்தின்மீது அமர்ந்து பாடம் எழுதினான். பூச்சிகளையும் கறையான் புற்றையும் தந்தையோடு சேர்ந்து ஆராய்ந்தான். ஜெசி பிராண்ட் 1929ஆம் ஆண்டு அம்மலையிலேயே காய்ச்சலால் உயிர் துறந்தார். மகனோ வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்றார். கையின் இயக்கத்தைப் பற்றி 1985ஆம் ஆண்டு மருத்துவர்க்கென நூல் எழுதிய அவர், அதற்கு முன் 1980ஆம் ஆண்டிலேயே பிலிப் யான்சியுடன் இணைந்து, மனித உடலின் அமைப்பைக் கிறிஸ்துவின் உடலாகிய திருச்சபையோடு ஒப்பிட்டுப் பொதுவாசகர்க்கென ஒரு நூல் எழுதினார். மரத்தில் அமர்ந்து கற்ற பிள்ளையை அவர் தம்முள் இழந்துவிடவில்லை.

6. இரு கலைக்களஞ்சியங்கள்

கொங்கு நாடு தமிழுக்களித்த மற்றொரு சான்றோடு இவ்வரலாற்றை நிறைவு செய்யலாம். ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் 1908ஆம் ஆண்டு பிறந்த பெரியசாமித் தூரன், தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆவார். 1954ஆம் ஆண்டு முதல் தொகுதியும் 1968ஆம் ஆண்டு பத்தாம் தொகுதியும் வெளிவந்தன. அத்துணைப் பெரும்பணியை முடித்தவர் ஓய்வு கொள்ளாமல், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். 1968 முதல் 1976 வரை அதுவும் பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. இரண்டாவது களஞ்சியம் முதலாவதன் சுருக்கம் அன்று. ஒரு பொருளை அறிஞர்க்கு விளக்கும்போது பிற நூல்களின் துணையைப் பற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு விளக்கும்போது பொருளை மட்டுமே பற்றவேண்டும். தாம் உண்மையில் புரிந்துகொள்ளாத ஒன்றை எவரும் குழந்தைக்குச் சொல்ல இயலாது. ஆகவே குழந்தை நூல் என்பது அறிவுநூலுக்கு முந்திய படியன்று. பலவேளைகளில் அதற்குப் பிந்திய படியாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இறையியற் கல்லூரியினராகிய நாம் கற்கவேண்டியது யாது?

நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேட்கவும் வினவவும் செய்தார் என லூக்கா நற்செய்தி எழுதுகிறது. பின்னர் அவரே ஒரு சிறுபிள்ளையை எடுத்துச் சீடர்கள் நடுவில் நிறுத்தினார் என மாற்கு நற்செய்தி கூறுகிறது. கற்றோர் நடுவே குழந்தை, கற்பிக்கப்படுவோர் நடுவே குழந்தை. அவர் போதித்ததும் பெரும்பாலும் கதைகளாலேயே. விதைப்பவனையும் காணாமற்போன ஆட்டையும் பற்றிய அக்கதைகளைப் பிள்ளைகளும் கேட்டனர், வேதபாரகரும் கேட்டனர். அவர் இரு கூட்டத்தாருக்கென இரு அலமாரிகள் வைத்திருக்கவில்லை.

நாமோ வைத்திருக்கிறோம். நம் கல்லூரிகளில் உருவாகும் ஆய்வேடுகள் கல்லூரி நூலகங்களிலேயே தங்கிவிடுகின்றன. நம் ஞாயிறு பள்ளிப் பாடங்களை எழுதும் பணியோ, பெரும்பாலும் நேரமும் நூல் வசதியும் குறைந்த தன்னார்வலர் மேல் சுமத்தப்படுகிறது. ஆராய்ச்சி முறைகளைக் கற்ற இளம் ஆயர், ஞாயிறு காலையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு யோனாவின் கதையைச் சொல்ல நேரும்போது திகைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். இது அவர் குற்றமன்று. அவருக்குப் பயிற்சி அளித்த நம் குற்றம். குழந்தைக்கு எழுதுதல் கற்றவர்க்குத் தகுதிக் குறைவு என்ற எண்ணத்தை நாம் வாய்விட்டுச் சொல்லாமலேயே கற்பித்து வந்திருக்கிறோம். இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டின் கருத்தை ஒரு சிறுவர் நூலாகவும் எழுதித் தரவேண்டும் என ஒரு விதி வகுப்பின், பயன் பிள்ளைகளுக்கு மட்டுமன்று. ஆய்வேடுகளும் தெளிவு பெறும்.

அச்சிற்றூரின் அலமாரிக்கு என்ன நேர்ந்தது என வாசகர் அறிய விரும்பலாம். மாலையில் ஆயரும் சபைக்குழுவினர் இருவரும் வந்தபோது, பிரித்துத் தர இயலவில்லை என்பதை மேற்கூறிய காரணங்களுடன் எடுத்துரைத்தோம். சற்றுநேர வாதத்திற்குப் பின் அவர்கள் ஒருவாறு உடன்பட்டனர். நூல்கள் அனைத்தும் ஒரே பதிவேட்டில் தொடர் எண்ணிட்டு எழுதப்பட்டன. பெப்ரீசியுசின் அகராதி முதல் எண்ணையும் பரமார்த்த குரு கதை இரண்டாம் எண்ணையும் பெற்றன. கதை நூல்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டன. பூட்டின் சாவியை ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் ஒப்படைக்கும்படி நாம் கேட்டுக்கொண்டோம், அதற்கும் இசைந்தனர்.